நீல மையில் ஒரு சுருக்கொப்பம்

மார்ச் 14, வெள்ளி

காலையிலேயே அறையில் மின்விசிறி நின்றுவிட்டது. மின்பணியாளரிடம் மூன்று முறை சொல்லியாயிற்று. பூச்சியியல் துறை என்றால் அவருக்குக்கூட இளக்காரம். ஜன்னலைத் திறந்தால் புல்வெட்டும் இயந்திரத்தின் சத்தம். பத்தரைக்குக் கல்விக்குழு அலுவலக எழுத்தர் வழக்கம்போல் ஒரு கட்டுத் தாள்களோடு வந்து நின்றார். பதினொன்றுக்கு நான் நடத்த வேண்டிய வாய்மொழித் தேர்வு. வெளியூர்த் தேர்வாளர் அதற்குள் தேர்வறையில் வந்து உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் பச்சைப் பேனா நேரம் பார்த்துக் காலை வாரியது. எழுத்தர் தன் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். கடகடவென்று போட்டுத் தள்ளினேன்.

பாதியில் ஜன்னல் வழியாக ஒரு குளவி வந்தது. இடுப்பில் சிவப்புப் பட்டை. இந்த வளாகத்தில் நான் பார்த்தே இராத இனம்! தேர்வாளரையும் மறந்தேன், எழுத்தரையும் மறந்தேன். தண்ணீர்க் குவளையைக் கவிழ்த்துப் பிடித்து, மருந்துப் புட்டியில் விட்டு, அடங்கியதும் ஊசி குத்தி, மேஜையில் கிடந்த ஏதோ ஒரு தாளில் துண்டு வெட்டி லேபிள் எழுதி, பெட்டியில் வைத்த பிறகுதான் தேர்வறைக்குப் போனேன். இருபது நிமிஷம் தாமதம். தேர்வாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும். லேபிள் இல்லாத பூச்சி குப்பைக்குச் சமம் என்று இருபத்தாறு வருஷமாக மாணவர்களைத் திட்டுகிறவள், நானே குப்பை போட முடியுமா?

மார்ச் 17, திங்கள்

மின்விசிறி ஓடுகிறது. குளவி எந்தப் புத்தகத்திலும் இல்லை. நல்ல நாள்.

ஏப்ரல் 2, புதன்

முதலில் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

மதியம் வண்டு ஓடி வந்தான். வண்டு என்பது எங்கள் துறையின் இளைய விரிவுரையாளன். ஆராய்ச்சியும் வண்டில், ரீங்காரமும் வண்டு மாதிரி. ஒப்பந்தப் பணி, ஜூலையோடு முடிகிறது. கையில் அறிவிப்புப் பலகையிலிருந்து கிழித்த தாள். வரும் கல்வியாண்டு முதல் பூச்சியியலில் மாணவர் சேர்க்கை கிடையாது. துறை கலைக்கப்பட்டு உயிரியல் பள்ளியோடு சேர்க்கப்படும். நிரந்தர ஆசிரியர்கள் மூவரும் அங்கே போவார்கள். ஒப்பந்தப் பணியிடங்கள் புதுப்பிக்கப்பட மாட்டா. கல்விக்குழுவின் முடிவு. கூட்டம் போடவில்லை, சுற்றுக்கு விட்டு ஒப்புதல் வாங்கினார்களாம். பத்துத் துறைத்தலைவர்களும் உடன்பாடு.

பத்துப் பேர். அதில் நானும் ஒருத்தி!

"நீங்க கையெழுத்துப் போட்டீங்களா மேடம்?" என்று கேட்டான் வண்டு. கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டுக்கு நானே கொள்ளி வைப்பேனா? யாரோ செய்திருக்கிறார்கள். காதும் காதும் வைத்த மாதிரி முடித்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 3, வியாழன்

கல்விக்குழு அலுவலகத்துக்கே போய்க் கோப்பைக் கேட்டேன். எழுத்தர் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். அதுவே எனக்குச் சந்தேகம். இந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பு கேட்டவுடன் கிடைத்திருக்கிறது?

முறை இதுதான். பார்வைக்கு மட்டும் என்றால் வெறும் தாள் வரும். முடிவு கேட்டால் தாளின் தலையில் 'முடிவு தேவை' என்று அச்சடித்த மஞ்சள் சீட்டைச் செருகி அனுப்புவார்கள். மறுப்பு இருந்தால் கீழே எழுத வேண்டும். ஒன்றும் எழுதாமல் சுருக்கொப்பம் மட்டும் போட்டால் உடன்பாடு. பத்தில் ஒருவர் உடன்படாவிட்டாலும் சுற்றில் முடிவு செல்லாது, கூட்டம் போட வேண்டும். கூட்டங்கள் நீளுகின்றன என்று இந்த விதிக்கு ஒருகாலத்தில் கை தூக்கியவர்களில் நானும் உண்டு, மறுக்கவில்லை.

ஒவ்வொரு துறைத்தலைவருக்கும் தனிப் பிரதி. மற்ற ஒன்பது பிரதிகளிலும் மஞ்சள் சீட்டு இருக்கிறது. என்னுடையதில் இல்லை! கிளிப் அழுந்திய தடம் மட்டும். மூன்றாம் பக்கத்தில் என் சுருக்கொப்பம். தேதி மார்ச் 14. மை — நீலம்.

நான் பச்சையில் தவிர வேறு மையில் போட்டதே கிடையாது. பியூன் முதல் துணைவேந்தர் வரை எல்லாருக்கும் தெரியும். மஞ்சள் சீட்டு எங்கே என்று கேட்டேன். "கழன்று விழுந்திருக்கும் மேடம்" என்றார். என்னுடையது மட்டும் கழன்றதாம்! மார்ச் 14 அன்று நாள் முழுக்க எனக்கு வாய்மொழித் தேர்வு. இதைப் போட்டவருக்கு அது தெரியவில்லை.

ஏப்ரல் 5, சனி

வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். கணக்கு வாத்தியாராக ஓய்வு பெற்றவர், எதற்கும் அசைய மாட்டார். குறுக்கெழுத்துக் கட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "பதினாலாம் தேதி என்ன நடந்துச்சுன்னு உன் டைரியப் பாரேன்" என்றார். என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? எழுதியதைத் திரும்பப் படிக்கிற வழக்கம் எனக்கு இல்லை. எழுதுவது இறக்கி வைக்க, திரும்பத் தூக்கிக்கொள்ள அல்ல. அப்படியே சொன்னேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றார். இரவுச் சாப்பாட்டின்போது நான் அவரோடு பேசவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

ஒன்பது துறைத்தலைவர்களில் ஏழு பேரைப் பிடித்துவிட்டேன். ஒருவருக்கும் அந்தத் தாள் நினைவில் இல்லையாம். வேதியியல்காரர், "எந்தத் தாள்? என்னைக்கு?" என்று கண்ணாடியைத் துடைத்தார். வரலாற்றுத் துறைக்காரர், உங்கள் துறை பெரிதாகிறதாமே என்று கை குலுக்கினார். ஏழு பேரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள் என்றால் யாரோ சுருதி சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். ஏழு பேராசிரியர்கள் ஒரு துறையை மூடும் தாளைப் படிக்காமலா கையெழுத்துப் போடுவார்கள்? இதைச் சொல்லிக் குழந்தைக்குக்கூடக் காது குத்த முடியாது.

பிறகு டீன். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் மயிலிறகு. திட்டினால்கூட வருடிக் கொடுப்பது போலத்தான் இருக்கும். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். "நீங்க சம்மதிப்பீங்கன்னு நான் எதிர்பார்க்கவே இல்ல. ரொம்பப் பெருந்தன்மை" என்றார். கண்ணில் ஒரு சின்ன மின்னல். அல்லது வெளிச்சமா? இல்லை, மின்னல்தான்.

தேர்வு வாரமாகப் பார்த்துச் சுற்றுக்கு விட்டது அவர் யோசனை. அதையும் அவரே ஒத்துக்கொண்டார். "எல்லாரும் வளாகத்துல இருப்பீங்கன்னுதான்" என்றார். மடியில் கனம் இல்லாதவன் இவ்வளவு விளக்கம் கொடுப்பானா?

ஏப்ரல் 10, வியாழன்

டீன் அறையிலிருந்து வண்டு வெளியே வருவதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பிவிட்டான். தாகமாம்.

ஜூலையில் வேலை போகிறது. உயிரியல் பள்ளியில் ஓர் இடம் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவன் என்ன செய்வான்? என் மேஜைச் சாவி அவனிடமும் ஒன்று இருக்கிறது. என் சுருக்கொப்பத்தைத் தினமும் பார்ப்பவன்.

சீ, நான் சோறு போட்டு வளர்த்த பிள்ளை மாதிரி. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 16, புதன்

பதிவாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டேன். யார் பெயரையும் குறிப்பிடவில்லை. 'கோப்பு யார் பொறுப்பில் இருந்ததோ அவரை விசாரிக்க வேண்டும்' என்று மட்டும். அது எழுத்தர்தான், எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதினேன். அவருக்குத் தனியாக என் மேல் என்ன பகை இருக்கும்? டீனின் கை அது. கையைப் பிடித்து இழுத்தால் ஆள் வந்துதானே ஆக வேண்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

விசாரணை. சட்டத்துறைப் பேராசிரியை தலைமை, இன்னும் இருவர். நீள மேஜை, நடுவில் தண்ணீர்ப் புட்டிகள். நான் பச்சை மையில் போட்ட நாற்பது தாள்களை அடுக்கிக் காட்டினேன். பிறகு எழுத்தரைக் கூப்பிட்டார்கள். முப்பத்தோரு வருஷ வேலை, இன்னும் ஐந்து மாதத்தில் ஓய்வு. சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம்தான் போட்டாங்க. என் பேனாவுலதான் போட்டாங்க" என்றார்.

அது அவர் பேனா என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது! சட்டப் பேராசிரியை அதை இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார். அந்தப் பேனா இப்போது எங்கே என்று கேட்டார். எழுத்தர் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். நீலம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

வெளியே வரும்போது அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஏதோ நான் சொல்ல மறந்ததை இப்போது சொல்லிவிடுவேன் என்று காத்திருப்பவர் போல நின்றார். கைதேர்ந்த நடிகர்.

ஏப்ரல் 29, செவ்வாய்

வென்றோம்! சுருக்கொப்பம் ஐயத்துக்குரியது. தீர்மானம் நிறுத்திவைப்பு. மே 15 முழுக் கூட்டத்தில் முறைப்படி ரத்தாகும். எழுத்தர் தற்காலிகப் பணிநீக்கம், மேல் நடவடிக்கை அதே கூட்டத்தில்.

துறையில் எல்லாருக்கும் என் செலவில் தேநீர். வண்டு மேஜை மேல் தாளம் போட்டான். அப்போதுதான் சொன்னான், அன்றைக்கு டீன் அறைக்குப் போனது துறையை மூட வேண்டாம் என்று கெஞ்சத்தானாம். எனக்கு எதிரில் சொல்ல வெட்கமாக இருந்ததாம். நல்லது. அப்படியே நம்பிவிடுவதா என்றும் ஒரு மனசு கேட்கிறது. நம்புகிறேன். முக்கால்வாசி.

மயிலிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கை அகப்பட்டதும் ஆள் நழுவிவிட்டார்.

மே 5, திங்கள்

நூலகத்தின் படிப்பறையில் எழுத்தரைப் பார்த்தேன். மூலை மேஜை, முன்னால் செய்தித்தாள், பக்கத்தில் சாப்பாட்டுப் பை. பணிநீக்கம் ஆனவருக்கு இங்கே என்ன வேலை? பழைய கூட்டக் குறிப்புகளைக் கிளறுகிறாரா? யாருக்காவது காத்திருக்கிறாரா? அலமாரிக்குப் பின்னால் நின்று கால் மணி நேரம் கவனித்தேன். ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நூலக உதவியாளரிடம் கேட்டேன். "தினமும் ஒன்பதரைக்கு வருவார், அஞ்சு மணிக்குக் கிளம்புவார். வீட்டுல இன்னும் சொல்லலையாம்" என்றார்.

எனக்கு என்ன வந்தது? தப்புச் செய்தவர் அனுபவிக்கிறார். ஆனாலும் மதியச் சாப்பாட்டைத் திறந்த வேகத்தில் மூடி வைத்துவிட்டேன்.

மே 6, செவ்வாய்

வண்டு பெட்டிகளுக்கு அந்துருண்டை மாற்றிக்கொண்டிருந்தான். ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மேடம், இந்தக் குளவிக்கு மட்டும் ஏன் லேபிள் மஞ்சளா இருக்கு? நம்மது எல்லாம் வெள்ளைதானே?"

சிவப்புப் பட்டைக் குளவி. என் கையெழுத்து. இடம், பிடித்தவர், தேதி. மார்ச் 14. அதுவும் நீல மை.

அவனை ஏதோ வேலை சொல்லி வெளியே அனுப்பினேன். இடுக்கியால் லேபிளை ஊசியிலிருந்து மெல்லக் கழற்றித் திருப்பினேன். பின்பக்கம் அச்சில் 'முடிவு தே' என்று இருந்தது. மீதியை நான் வெட்டி எறிந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து முதல் காரியமாக இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். எல்லாம் இருக்கிறது. பேனா எழுதாதது, அவர் சட்டைப்பை, 'கடகடவென்று போட்டுத் தள்ளினேன்' — எல்லாம் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன்டி அம்மா! நாள் முழுக்கத் தேர்வில் இருந்தேன் என்று எப்படி அவ்வளவு தெளிவாகச் சொன்னேன்? குளவி நினைவிருந்தது. தேர்வாளர் மூஞ்சி நினைவிருந்தது. எனக்குப் பேனா கொடுத்த மனுஷன் மட்டும் மறந்துபோனாரே.

தாளை அவர் மறைக்கவில்லை. சீட்டையும் அவர் பிய்க்கவில்லை. ஏழு பேரும் பொய் சொல்லவில்லை. அவர்களும் என்னைப் போலவே படிக்கவில்லை. அவ்வளவுதான். ஒரு மாதமாக நான் தேடிய ஆள் நான்தான்.

மே 7, புதன்

துறைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

பெட்டியை மூடி வைத்தால் யாருக்குத் தெரியும்? பதினைந்தாம் தேதி தீர்மானம் ரத்தாகும். துறை நிற்கும், வண்டுவுக்கு வேலை இருக்கும். பத்தாயிரத்துச் சொச்சம் பூச்சிகள், நூறு பெட்டி. இது எல்லாம் நிற்பதற்கு ஒரு துண்டு மஞ்சள் தாள் குப்பைக்குப் போனால் போதும். மயிலிறகும் சும்மா இருந்தவர் இல்லை. தேர்வு வாரத்தில் யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரியாமலா அனுப்பினார்? அந்தச் சந்தேகம் எனக்கு இப்போதும் போகவில்லை. அவர் சூதுக்கு என் பொய் சரிக்குச் சரி ஆகாதா?

எழுத்தருக்கு வேண்டுமானால் நான் பதிவாளரிடம் சொல்லி, பெரிசு பண்ண வேண்டாம், வயசான மனிதர், விட்டுவிடுங்கள் என்று… என்று என்ன? செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுப்பதா? முப்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு கையெழுத்துத் திருடன் என்ற பெயரோடு வீட்டுக்குப் போவாரா?

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். டைரியைப் பார்க்கச் சொன்னேனே என்று அவர் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சொன்னால் நாலு பேர் வேலை ஆட்டம் காணும் என்றேன்.

"மூணு பேருக்கு நாற்காலி மாறும். ஒருத்தனுக்கு வேலை போகும், அவன் வயசுக்கு வேற தேடிப்பான். அந்த மனுஷன் என்னத்தைத் தேடுவாரு?" என்றார்.

எளிதாகச் சொல்லிவிட்டார். வண்டுவின் முகத்தைப் பார்க்க வேண்டியவள் நான்தானே.

மே 8, வியாழன்

சட்டப் பேராசிரியை மேஜையில் குளவிப் பெட்டி, மஞ்சள் லேபிள், இந்த நோட்டின் முதல் பக்கம் மூன்றையும் வைத்தேன். அவர் லேபிளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பணிநீக்க உத்தரவு ரத்தாகும் என்றார். துறை என்ன ஆகும் என்று கேட்டேன். சுருக்கொப்பம் உங்களுடையது என்றால் தீர்மானமும் செல்லும், வேண்டுமானால் உங்கள் வருத்தத்தைக் கூட்டக் குறிப்பில் பதியலாம் என்றார்.

வருத்தத்தைப் பதியலாமாம்.

நடைக்கூடத்தில் மயிலிறகு எதிரே வந்தார். அதற்குள் செய்தி போய்விட்டது. "உங்க நேர்மைக்கு நான் தலை வணங்குறேன்" என்றார். வணங்கவும் செய்தார். அந்தத் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது.

மே 19, திங்கள்

எழுத்தர் வேலைக்கு வந்துவிட்டார். அலுவலகத்தில் மற்றவர்கள் எல்லாரும் இருக்கும்போதே போய் மன்னிப்புக் கேட்டேன். நான்தான் போட்டேன், உங்கள் பேனாவில்தான் போட்டேன், என் தப்பு என்று எல்லார் காதிலும் விழும்படிச் சொன்னேன். எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்.

"சரிங்க மேடம்" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

ஜூன் 2, திங்கள்

துறைப் பலகையைக் கழற்றினார்கள். அதே மின்பணியாளர்தான் ஏணியில் ஏறினார். இந்த வேலைக்கு மட்டும் ஒரு முறை சொன்னதும் வந்துவிட்டார். பெட்டிகள் உயிரியல் பள்ளியின் இரண்டாம் மாடிக்குப் போயின. எனக்கு அங்கே பாதி அறை. மறுபாதியில் தவளைப் புட்டிகள்.

வண்டுவுக்கு வேறொரு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் குறைவு, வண்டு ஆராய்ச்சியும் கிடையாது. விடைபெற வந்தான். மன்னித்துவிடு என்றேன். அவன் குளவிப் பெட்டியைத் தேடி எடுத்துத் தூசி துடைத்தான்.

"அந்த லேபிளைத் திருப்பிப் பாத்துட்டுத்தான் மேடம் உங்ககிட்ட கொண்டு வந்தேன்."

அவ்வளவுதான் சொன்னான். போய்விட்டான்.

தெரிந்தே கொடுத்தானா? தன் வேலை போகும் என்று தெரிந்தேவா? என்னை நம்பிக் கொடுத்தானா, இவள் என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று கொடுத்தானா? பார், இப்போதும் எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. இந்தப் புத்தி எப்போதுதான் போகுமோ. டீன் அறையிலிருந்து வந்த அன்று அவனைப் பற்றி எழுதிய பக்கத்தைக் கிழிக்கலாம் என்று எடுத்தேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

ஜூன் 19, வியாழன்

பதினொரு மணிக்கு எழுத்தர் வந்தார். புதிய பாடத்திட்ட விதிகள், பதினொரு பக்கம். தலையில் மஞ்சள் சீட்டு, கிளிப் இல்லை, இரண்டு முனையிலும் ஸ்டேப்ளர் ஊசி அடித்திருந்தார்.

வைத்துவிட்டுப் போங்கள், படித்து அனுப்புகிறேன் என்றேன். "படிங்க மேடம். நான் நிக்கிறேன்" என்றார். உட்காரச் சொன்னேன். நின்றார். பதினொரு பக்கத்தையும் படித்தேன். ஏழாம் பக்கத்தில் ஒரு விதி எனக்கு ஒப்பவில்லை. மறுப்பு எழுதலாம் என்று பேனாவைத் திறந்தால் எழுதவில்லை. உதறினேன், அப்போதும் எழுதவில்லை. பழக்கதோஷம், கையை நீட்டிவிட்டேன்.

அவர் கை சட்டைப்பை வரை போனது. நீலப் பேனா அங்கேதான் இருந்தது. கையை இறக்கிக்கொண்டார்.

"உங்க பேனாவுலயே போடுங்க மேடம்."

மேஜை இழுப்பறையில் பச்சை மைப்புட்டியைத் தேடி எடுத்தேன். நான் மை ஊற்றி முடிக்கும் வரை அவர் நின்றார்.